மூன்று வாக்குமூலம், ஒரு டிவிடி பிளேயர்: ‘ஒன் நைட் அட் மெக்கூல்ஸ்’

2001இல் வந்த இந்த ஹாலிவுட் படத்தைப் பலரும் ‘ரஷோமான் பாணி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமான்’ படத்தில் என்ன நடந்தது என்பதிலேயே ஆளுக்கொரு பேச்சு. இங்கே சம்பவத்தில் பெரிய தகராறு கிடையாது. ஜூவல் என்ற அந்தப் பெண் எப்படி இருந்தாள் என்பதில்தான் மூன்று ஆண்களின் வாக்குமூலமும் மாறுகிறது.

கதை செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடக்கிறது. மெக்கூல்ஸ் என்ற மதுக்கடையில் ஊற்றிக்கொடுப்பவன் ராண்டி (மேட் டில்லன்). ஓர் இரவு கடையை மூடிவிட்டு வரும்போது, முரடன் ஒருவனிடம் சிக்கிய ஜூவலைக் (லிவ் டைலர்) காப்பாற்றி வீட்டுக்கு அழைத்துப் போகிறான். காப்பாற்றியதே ஜூவலும் அந்த முரடனும் சேர்ந்து விரித்த வலை என்பது பிறகுதான் தெரிகிறது. விடிவதற்குள் அந்த முரடன் பிணம்; பழி ராண்டி தலையில். ஜூவலோ அவன் அம்மா விட்டுப்போன வீட்டிலேயே குடியேறிவிடுகிறாள்.

ராண்டி இந்தக் கதையைச் சொல்வது பிங்கோ ஆட்டக் கூடத்தில், ஒரு கூலிக் கொலையாளியிடம். தலைமுடியை மேலே தூக்கிச் சீவிய அந்த ஆளாக மைக்கேல் டக்ளஸ் வருகிறார். ராண்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் முறை, வக்கீல் கார்ல் (பால் ரைசர்). அவன் சொல்வது மனநல மருத்துவரிடம். மனைவியை இழந்த துப்பறிவாளர் டேலிங் (ஜான் குட்மேன்) பாதிரியாரிடம் போகிறார். பாதிரியாராக வரும் ரிச்சர்ட் ஜென்கின்ஸைக் கவனியுங்கள். பாவ அறிக்கைக்குக் காது கொடுக்கிற முகம் கொஞ்சம் கொஞ்சமாக ‘அப்புறம்?’ என்று கேட்கிற முகமாகிவிடும். மொத்தப் படத்திலும் சத்தமில்லாமல் சிரிப்பு வருகிற இடம் அதுதான்.

இரண்டாம் முறை பார்ப்பவர்கள் வசனத்தை விட்டுவிட்டு உடையையும் வெளிச்சத்தையும் பாருங்கள். ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வருகிறது. கார்ல் சொல்லும்போது ஜூவலின் ஒவ்வொரு அசைவும் அவனுக்காகவே விடுத்த அழைப்பு. டேலிங் சொல்லும்போது அவள் முகத்தில் தேவதைக் களை. செத்துப்போன மனைவியே திரும்பி வந்ததுபோல உருகுகிறார். ராண்டியோ அவளை வதைக்கிற கொடுமைக்காரனாகத் தெரிகிறான், அதுவும் டேலிங் கணக்கில் மட்டும். இந்த மாற்றங்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதல் தடவை கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஜூவலுக்கு வேண்டியது ஆண்கள் அல்ல, வீடு. நல்ல சோபா, வரவேற்பறை, டிவிடி பிளேயர். அப்போது அது புதுப் பொருள். அதற்காக ராண்டியைத் திருடவே அனுப்புகிறாள். இவர்கள் மோகத்தில் மிதக்க, அவள் வீட்டுச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த நகைச்சுவை கடைசிவரை தேயவில்லை.

தேய்வது வேறு இடத்தில். நடுப்பகுதியில் தெரிந்த சம்பவத்தையே மூன்றாம் முறை கேட்கும்போது கதை நகர மறுக்கிறது. டேலிங்கின் துக்கத்தை இவ்வளவு பரிவோடு காட்டிவிட்டு, பிறகு அவரையும் கோமாளி வரிசையில் நிறுத்துவது உறுத்துகிறது. நாலாவது வாக்குமூலம், அதாவது ஜூவலுடையது, வரவே இல்லை. லிவ் டைலர் மூன்று பேரின் கற்பனையை நன்றாகவே நடித்திருக்கிறார். சொந்தமாக ஒரு பார்வை கொடுத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

உச்சக்கட்டம் ‘ஒய்.எம்.சி.ஏ.’ பாட்டு ஒலிக்க நடக்கும் துப்பாக்கிச் சண்டை. பாதிப் பேருக்கு வயிறு வலிக்கும், மீதிப் பேருக்குத் தலை வலிக்கும். இயக்குநர் நார்வேக்காரரான ஹரால்ட் ஸ்வார்ட். எழுதிய ஸ்டான் சைடல் படம் திரைக்கு வருமுன்பே காலமாகிவிட்டார்.

ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வீட்டுக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து போட வேண்டாம்; கார் கழுவும் காட்சியில் ரிமோட்டைத் தேட வேண்டிவரும்.