ஐஎம்இஐ, மேக் முகவரி, விளம்பர ஐடி: உங்களை அதிகம் காட்டிக்கொடுப்பது எது?

போனை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் பலரும் முதலில் பயப்படுவது ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணை நினைத்துத்தான். அழிக்க முடியாத எண் என்பதால் அந்தப் பயம். ஆனால் ஓர் அடையாள எண்ணை எடைபோடும்போது அது மாறுமா என்பதைவிட, அதை யார் யார் படிக்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது.

ஐஎம்இஐ 15 இலக்க எண். முதல் 8 இலக்கங்கள் எந்த மாடல் என்று சொல்லும், அடுத்த 6 அந்தத் தனிப்பட்ட போனுக்குரியவை, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. இரட்டை சிம் போன் என்றால் இரண்டு எண்கள். *#06# அழுத்தினால் திரையில் தெரியும். சிம்மை மாற்றினாலும், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் மாறாது. எனவே அதே போனில் புது சிம் போட்டால் ஆள் புதிதாகிவிட மாட்டார். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே கருவியில் இருந்தவை என்பது மொபைல் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் சாதாரண செயலிகளுக்கு இந்தக் கதவு அடைபட்டுவிட்டது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கும் செயலிகளால் ஐஎம்இஐயைப் படிக்க முடியாது. ஐபோனிலும் முடியாது. திருட்டுப் போனை முடக்க உதவுவதும் இதே எண்தான் என்பதால், இதன் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை.

மேக் முகவரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைஃபை தேடும்போது போன் வெளியிடும் 48 பிட் முகவரி அது. ரவுட்டரைத் தாண்டி இணையத்துக்குப் போகாது. முன்பு அதை வைத்து ஒரு கட்டடத்துக்குள் ஆள் நடமாட்டத்தைக் கணக்கிட்டார்கள். இப்போது ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே போலி முகவரியைக் காட்டுகின்றன.

அப்புறம் விளம்பர ஐடி, அதாவது விளம்பரம் காட்டுவதற்காகப் போன் செயலிகளுக்குத் தரும் அடையாள எண். மூன்றில் சாதுவாகத் தெரிவது இதுதான்: நினைத்தால் மாற்றலாம், அழிக்கலாம். ஆனால் அதிகம் ஊர் சுற்றுவதும் இதுதான். பல செயலிகள் ஒரே ஐடியைப் படிப்பதால், ஒன்றில் பார்த்த பொருளையும் இன்னொன்றில் தெரிந்த இருப்பிடத்தையும் ஒரே ஆளின் கணக்கில் சேர்க்க முடிகிறது. பெயர் இல்லையே என்று சமாதானம் சொல்வார்கள். இரவில் ஒரு போன் எங்கே இருக்கிறது, பகலில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பெயரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நேரமாகும்? தரவுத் தரகர்கள் விற்பதும் இத்தகைய இருப்பிடப் பதிவுகளைத்தான்.

இந்த இடத்தில் இரண்டு போன்களும் பிரிகின்றன. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், ஐபோனில் இந்த ஐடியைப் படிக்க விரும்பும் ஒவ்வொரு செயலியும் நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும். மறுத்தால் ஐடிக்குப் பதில் வெறும் பூஜ்ஜியங்கள்தான் போகும். ஆண்ட்ராய்டிலும் அழித்தால் பூஜ்ஜியங்கள்தான். ஆனால் அங்கே யாரும் கேட்பதில்லை, நாமே செட்டிங்ஸில் விளம்பரங்கள் பகுதியைத் தேடிப்போய் அழிக்க வேண்டும். வசதி இரண்டிலும் இருக்கிறது, ஆனால் தேடிப்போகிறவர்கள் எத்தனை பேர்? இந்த ஒரு விஷயத்தில் ஐபோனுக்கே என் ஓட்டு. ஆண்ட்ராய்டில் விளம்பர ஐடியை வெறுமனே ரீசெட் செய்வதோடு நிற்க வேண்டாம். புது ஐடி பிறந்து கணக்கு மறுபடி தொடங்கிவிடும். அழிப்பதுதான் சரி.

அழித்தபின் இருப்பிட அனுமதிகளையும் ஒரு பார்வை பாருங்கள். டார்ச் செயலிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது எதற்கு?

இத்தனையும் செய்தும் ஓர் ஓட்டை மிஞ்சும். எல்லாச் செயலியிலும் ஒரே மின்னஞ்சல், ஒரே போன் எண் கொடுத்து உள்நுழைந்தால் அதுவே அடையாள எண்ணாகிவிடும். மின்னஞ்சலுக்காவது மாற்று உண்டு, உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் கொடுக்கும் ஆப்பிளின் ‘ஹைட் மை இமெயில்’ வசதி போல. ஓடிபி கேட்கும் செயலிகளிடம் அது செல்லாது. அங்கே பெரும்பாலும் உண்மையான போன் எண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.