மென் லோடுக்கு எந்த மருந்து? .38 ரிவால்வருக்கு ஓர் ஒப்பீடு

பொங்கலுக்கு ஊருக்கு வந்த மச்சான், போகிப் புகை அடங்கும் முன்பே குருசுக்குப்பத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிட்டார். கடலூர் முதுநகர்க்காரர், பல வருடமாகப் பிரான்சில் லியோன் பக்கம் வேலை. போன வருடம்தான் அங்கே சுடும் சங்கத்தில் சேர்ந்து, உரிமம் எடுத்து, பழைய மனுரின் எம்ஆர் 73 ரிவால்வர் ஒன்று வாங்கியிருக்கிறார். போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சிலிண்டரின் பின்பக்கம், காலித் தோட்டாக்களைத் தள்ளிவிடும் நட்சத்திரத்துக்கு அடியில், அரைகுறையாக வெந்த வெடிமருந்துச் செதில்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு செதில் போதும், சிலிண்டர் சுற்றாமல் இறுகிக்கொள்ள.

"நூறு தோட்டா சுட்டதுக்கே இப்படி ஆயிடுச்சு மச்சான். எந்த மருந்து போட்டா அழுக்கு இல்லாம எரியும்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்று, பாதி வருடம் மியுலூஸ் பக்கமும் பாதி வருடம் புதுச்சேரியிலுமாக இருப்பவன் நான். அங்கே இருக்கும் மாதங்களில் என் தோட்டாவை நானேதான் அடைத்துக்கொள்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது பிரான்சில் சட்டப்படி உரிமம் வைத்திருப்பவர்களுக்கான பேச்சு. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் யாரும் முயல வேண்டாம்.

மச்சான் போட்டிருந்தது யுனிக். 1900-இல் வந்த அமெரிக்க மருந்து. எந்தத் தோட்டாவுக்கும் பொருந்தும் என்று பெயர் எடுத்தது, அந்தப் பெயர் பொய்யும் இல்லை. முழு லோடில் நன்றாகவே எரியும். இவர் மருந்தைக் குறைத்து மென்மையாக, அதாவது மென் லோடாக, அடைத்ததுதான் பிரச்சினை.

ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இவர் சுட்ட .38 ஸ்பெஷல் தோட்டா கருமருந்துக் காலத்தின் கடைசியில் பிறந்தது. அதன் பித்தளைக் கூட்டின் நீளம் சுமார் 29 மில்லிமீட்டர். கருமருந்து அந்த இடத்தை நிறைத்திருந்தது. இன்றைய புகையில்லா மருந்துக்கு அத்தனை இடம் தேவையில்லை, அடியில் ஒரு படலமாகக் கிடக்கும், மேலே எல்லாம் வெற்றிடம். இந்த மருந்தின் குணம் என்னவென்றால், அழுத்தம் ஏற ஏறத்தான் அது வேகமாக எரியும். .38 ஸ்பெஷலுக்கான உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டுதான், அதைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவுக்கு 35,000. மென் லோடு என்றால் அந்த 17,000-க்கும் கீழே. கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பில் நாலு சவுக்கு மிளாறைச் செருகிப் பற்றவைத்தால் என்ன ஆகும்? எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். சின்ன அடுப்பில் அதே நாலு மிளாறு சுத்தமாக எரிந்து சாம்பலாகும். மிளாறு ஒன்றுதான், அடுப்புதான் வேறு.

இன்னொன்றும் நடக்கிறது. அழுத்தம் போதாவிட்டால் பித்தளைக் கூடு விரிந்து சிலிண்டரில் அது உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டாது. புகை பின்னால் நழுவி வந்து கூட்டின் வெளிப்புறத்தைக் கறுப்பாக்கும். சுட்ட கூட்டின் ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருந்தால், மருந்தைத் திட்டாமல் அழுத்தம் எட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மென் லோடுக்கு வேண்டியது வேக மருந்து. கொஞ்சமாகப் போட்டாலும் சட்டென்று பற்றி, குண்டு குழலுக்குள் நகரும்போதே எரிந்து முடிய வேண்டும். வின்செஸ்டர் 296 போன்ற மெதுவான மேக்னம் மருந்தைக் குறைத்துப் போட்டு மென்மையாக்கலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். அதைக் குறைக்கவே கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். சரியாகப் பற்றாமல் குண்டு பாதிக் குழலில் நின்றுவிடும்.

வேக மருந்துகளில் மூத்தது 1898-இன் புல்ஸ்ஐ. குறி சுடுபவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியது. துல்லியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் கரி விடும். சுத்தம்தான் தேடுகிறீர்கள் என்றால் இதைத் தாண்டிப் போகலாம்.

டைட்குரூப்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். ஹாட்ஜ்டன் விற்பது. உருண்டையான பொடி மணிகள், மருந்தளவியில் மணல் போல வழுக்கி விழும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. பெரிய கூட்டில் மருந்து முன்னால் சரிந்தாலும் பின்னால் சரிந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லாமல் பற்றும்படி செய்யப்பட்டது. .38-க்கு இது பெரிய வரம். கரியும் குறைவு. ஆனால் நைட்ரோகிளிசரின் கலந்தது, சூடாக எரியும். வேகமாக ஐம்பது தோட்டா சுட்டால் குழலைத் தொட முடியாது, ஈயக் குண்டில் வழுக்கலுக்காகப் பூசிய மெழுகும் உருகிப் புகையும். அதைவிட என்னை உறுத்துவது வேறு: லோடு அவ்வளவு சின்னது. ஒரு கூட்டில் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. இரட்டை லோடு ரிவால்வரின் சிலிண்டரையே பிளந்துவிடும்.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது, மருந்தே விழாத கூடு. வரிசையாக அடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள், கை ஒரு கூட்டைத் தவறவிட்டது. சுடுமிடத்தில் 'டப்' என்று ஒரு மெல்லிய ஓசை மட்டும் வந்தது. பக்கத்துத் தடத்தில் நின்ற கிழவர் "நிறுத்து!" என்று கத்தினார். மருந்தைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரின் விசையிலேயே குண்டு நகர்ந்து குழலுக்குள் நின்றிருந்தது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும், என் கையும் இருந்திருக்காது. அன்றிலிருந்து எனக்குச் சுத்தம் இரண்டாவது கேள்விதான். கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மருந்து தெரிகிறதா என்பது முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு டிரெயில் பாஸை மிஞ்ச ஆள் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட குட்டி உளுந்து வடைகள் போல இருக்கும், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. இலேசானது, இடத்தை அடைக்கும். மென் லோடே கூட்டில் நல்ல பங்கை நிறைத்துவிடும், இரட்டை லோடு என்றால் கண்ணுக்குத் தப்பாது. அமெரிக்கக் கௌபாய் காலத்துப் பாணி ஈயக் குண்டு லோடுகளுக்காகவே வந்த மருந்து இது. குண்டை வைத்து இதை நசுக்கக் கூடாது என்பது ஒன்றே கண்டிப்பான விதி. புதிதாகத் தொடங்குகிற எவருக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் சில வருடமாகக் கடையில் கண்ணில் படுவதே அரிது. கிடைக்காத மருந்தைப் பரிந்துரைத்துப் பயன் என்ன?

மிச்சம் ஐரோப்பாக்காரர்கள். பின்லாந்தின் விதாவுவோரி என்310, என்320. குட்டிக் குட்டி உருளைகள், நைட்ரோசெல்லுலோஸ் மட்டுமே அடிப்படை, நைட்ரோகிளிசரின் கிடையாது. அதனால் சுடர் குளிர்ச்சி, மெழுகும் அவ்வளவாக உருகாது. 310 இரண்டில் வேகமானது, தட்டை மூக்கு வாட்கட்டர் குண்டோடு தாள் குறி சுட அருமை. 320 ஒரு படி நிதானம், அதனால் அளவு கொஞ்சம் கூடும், கூட்டுக்குள் பார்வைக்கும் பிடிபடும். விலைதான் கடிக்கும்.

பிரெஞ்சு வெக்டான் பா 10-ஐ விட்டுவிட முடியாது. புகையில்லா மருந்தே பிரான்சில்தான் பிறந்தது, 1884-இல் போல் வியெய் செய்தது. அந்த மண்ணின் மருந்து என்ற பற்று எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். வேகமும் சுத்தமும் இதில் உண்டு, அங்கே தேடி அலையவும் வேண்டாம். ஆனால் டைட்குரூப்பிடம் எனக்கிருக்கும் பயம் இதனிடமும் உண்டு: துளி அளவு, பெரிய கூடு.

"அப்போ எதுன்னுதான் சொல்றீங்க?" என்றார் மச்சான்.

என்320. அவருக்கு அதைத்தான் சொன்னேன். பா 10 கையோடு கிடைக்கிறது என்றால் அதுவும் மோசமில்லை, ஆனால் இரட்டிப்பு விழிப்போடு. அளவு எவ்வளவு என்று மட்டும் என்னிடமும் கேட்கக் கூடாது, சங்கத்து நண்பரிடமும் கேட்கக் கூடாது. மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையில் அந்தக் குண்டின் எடைக்கு நேராக என்ன இருக்கிறதோ அது, தொடக்க அளவுக்குக் கீழே ஒரு துளி கூடப் போகக் கூடாது.

மருந்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவையும் இரண்டு உண்டு. குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் வாய் மடிப்பு தளர்ந்திருந்தால் குண்டு சீக்கிரம் கிளம்பிவிடும், அழுத்தம் ஏறாது. எந்த மருந்தானாலும் கரிதான். மடிப்பைச் சற்று இறுக்கியதிலேயே என் பித்தளைக் கூடுகள் வெளுத்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது மெழுகு. கையில் ஒட்டும் கறுப்பில் பெரும் பங்கு குண்டின் மெழுகுதான், பழியை மருந்து சுமக்கிறது. மேலே பூச்சுப் போட்ட குண்டுகளில் ஒரு பெட்டி வாங்கி, அதே மருந்தோடு சுட்டுப் பாருங்கள்.

மச்சான் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். பிறகு, தோட்டா அடைக்கும் மேசைக்கு என்ன விளக்கு நல்லது என்று கேட்டார். கீழே போய் என் பழைய சின்ன டார்ச்சை எடுத்து வந்து கொடுத்தேன். ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்த வெளிச்சத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் மருந்து உயரம் சந்தேகமாக இருந்தாலும், அதை மட்டும் கொட்டினால் போதாது, அந்தப் பலகையில் இருக்கும் ஐம்பதையும் கொட்டி மறுபடி தொடங்க வேண்டும்.