அடுத்தவர் கணினியில் பவர்ஷெல்: நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கணினிக்குக் கட்டளைகளை எழுதிக் கொடுத்து வேலை வாங்க உதவும், விண்டோஸோடு சேர்ந்தே வரும் பவர்ஷெல் நல்ல மொழியா என்று கேட்டால், அதைவிட நல்லவை இருக்கின்றன என்றுதான் சொல்வேன். பைதான் என்ற நிரல்மொழியை வாசிப்பது எளிது, எழுதுவது அதைவிட எளிது. ஆனால் என் வேலை என் மேசையில் நடப்பதில்லை. திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர் பக்கமும் உள்ள சிறு கடைகள், தனியார் கல்வி நிலையங்கள், சங்க அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பதுதான் தொழில். பல இடங்களில் இணைய இணைப்பே இருக்காது. புதிதாக ஏதாவது நிறுவட்டுமா என்று கேட்டால், "வேண்டாம் தம்பி, வைரஸ் வந்துவிடும்" என்று முதலாளி கையை நீட்டி மறிப்பார்.

விண்டோஸ் 10இல் கட்டளைச் சாளரத்தில் பைதான் என்று தட்டினால் மைக்ரோசொப்ட் ஸ்டோர் திறக்கும். இணையம் இல்லாத கடையில் அதை வைத்து என்ன செய்வது? பவர்ஷெல் 5.1 அப்படியல்ல. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கேட்காமலே இருக்கிறது. முதற்பதிப்பு 2006இல் தனியாக இறக்கி நிறுவ வேண்டியதாக வந்தது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் அது வீட்டுப் பிள்ளையானது.

அடிக்கடி வரும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். கல்வி நிலையங்களில் மாணவர் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார்கள். கமராவிலிருந்து வரும் கோப்புகள் வெறும் எண்களாக இருக்கும். பெயரும் சேர்விலக்கமும் எக்செல் பட்டியலில், படம் எடுத்த அதே ஒழுங்கில் இருக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினால் ஒரு பின்னேரம் போய்விடும். பட்டியலை வாசித்து, படங்களை ஒழுங்குபடுத்தி, ஒன்றோடொன்று பொருத்தும் நிரல் ஒரு சில வரிகள்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'வாட்இஃப்' என்ற சேர்மானம். அதை வரியின் இறுதியில் போட்டால் எதையும் மாற்றாமல், எந்தக் கோப்பு எந்தப் பெயராகும் என்று மட்டும் திரையில் காட்டும். பட்டியலில் வராத பிள்ளை ஒன்று நடுவில் படம் எடுத்திருந்தால், அதற்குக் கீழே எல்லாப் பெயரும் ஒன்று நழுவி நிற்பது அங்கேயே கண்ணில் படும். அலுவலக அக்காவையும் பக்கத்தில் இருத்திக் காட்டிவிட்டு, அவர் தலையாட்டிய பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுவேன்.

இனித் தமிழ். இங்கேதான் 5.1 பொறுமையைச் சோதிக்கிறது. கோப்புப் பெயர் தமிழில் இருப்பதில் விண்டோஸுக்குச் சிக்கல் இல்லை. பழைய கட்டளைச் சாளரத்தில் பெட்டி பெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கும். ஆனால் பட்டியலை எக்செல் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாக (சிஎஸ்வி) எழுதும் 'எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி' கட்டளை, குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) எதுவென்று சொல்லாவிட்டால், தமிழுக்கு இடமில்லாத ஆஸ்கியில் எழுதும். பெயரெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து மீட்கவும் வழியில்லை. நிரலுக்குள்ளேயே தமிழ்ச் சொல் எழுதினால் இன்னொரு வில்லங்கம். 2019இன் மேம்படுத்தலுக்குப் பிறகு நோட்பேட், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், கோப்பின் தொடக்கத்தில் அதை அடையாளம் காட்டும் முன்னொட்டுக் குறி இல்லாமல் சேமிக்கிறது. அந்தக் குறி இல்லாவிட்டால் 5.1 அதைப் பழைய குறியாக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே பெட்டியில் வந்த இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது! சேமிக்கும்போது குறியுடன் கூடிய யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்தால் சரியாகும்.

தனியே நிறுவ வேண்டிய ஏழாம் பதிப்பு எங்கும் யூடிஎஃப்-8ஐயே இயல்பாக வைத்திருக்கிறது. ஆனால் அது எழுதும் சிஎஸ்வியில் முன்னொட்டுக் குறி இல்லாததால், எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் தமிழ் சிதைந்து வரும். 5.1இல் யூடிஎஃப்-8 என்று சொல்லி எழுதினால் குறியும் சேர்ந்தே வருவதால் எக்செல் ஒழுங்காகத் திறக்கிறது. பழசுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

பாதுகாப்பு விடயத்தில் குறை சொல்ல மாட்டேன். நிரல்களை ஓட்டுவதைச் சாதாரண விண்டோஸ் கணினி முதலில் தடுத்தே வைத்திருக்கிறது. கோப்பை இரட்டைச் சொடுக்கினால் ஓடாது, நோட்பேடில்தான் திறக்கும். வாடிக்கையாளருக்கு இது எரிச்சல். "நீங்கள் வந்தால்தான் வேலை செய்கிறது" என்பார்கள். ஆனால் 2000ஆம் ஆண்டு மே மாதம் காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்து உலகைச் சுற்றிய வைரஸ், விண்டோஸோடு வந்த பழைய நிரல்மொழியான விபிஸ்கிரிப்டில் எழுதிய கோப்புத்தான். சொடுக்கினால் போதும், ஓடியது. எல்லாக் கணினியிலும் இருக்கும் மொழி திருடனுக்கும் எல்லாக் கணினியிலும் கிடைக்கும். ஆகவே இந்த எரிச்சலை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

காப்புப் பிரதியெடுக்கும் வேலையை, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைத்திருக்கிறேன். தவறிய நேரத்து வேலையைக் கணினி மீண்டும் இயங்கியதும் தொடங்கும்படி அதில் ஒரு தெரிவு உண்டு. 2022இன் மின்வெட்டுக் காலத்தில் அந்த ஒரு தெரிவுதான் கைகொடுத்தது.

உள்ளமைந்த மொழி நிரந்தரம் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். மக் கணினிகளில் கூடவே வந்த பைதான் 2.7ஐ, ஆப்பிள் 2022இல் வெளியிட்ட மக்ஓஎஸ் 12.3 பதிப்போடு எடுத்துவிட்டது. விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசொப்ட் 2023 ஒக்டோபரில் அறிவித்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அது விரும்பினால் நீக்கக்கூடிய உறுப்பாகிவிட்டது. பவர்ஷெல் 5.1க்குப் புதிய வசதிகள் வருவதில்லை, ஆனால் அகற்றப்போவதாகப் பேச்சும் இல்லை. எனக்கு அதுபோதும். மூன்று வருடம் முன் எழுதிய நிரல் இன்றைக்கும் அப்படியே ஓட வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

என் வாடிக்கையாளரில் ஒரு கணக்காளர் மட்டும் இன்னும் யாரோ எழுதிக் கொடுத்த விபிஸ்கிரிப்டில்தான் பற்றுச்சீட்டு அச்சிடுகிறார். பவர்ஷெல்லில் மாற்றித் தருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். மார்ச் கணக்கு முடியட்டும் என்கிறார். எந்த வருட மார்ச் என்று மட்டும் சொல்வதில்லை.