பினியன் சீல் மாற்றிய பிறகு ஊளைச் சத்தமா? கியர் பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள்

லோடு வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். எங்களிடம் வந்த ஒரு பிக்அப்பில் நடந்தது இது.

பின் அச்சின் நடுவே இருந்து சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் முன்மூக்கில் ஆயில் கசிகிறது என்று, ஒரு ஷெட்டில் பினியன் (அதற்குள் இழுவையைக் கொண்டுபோகும் சிறு பல்சக்கரத் தண்டு) சீலை மாற்றியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து 50 கி.மீ. வேகம் தாண்டினால் ‘ஊ’ என்று இழுவைச் சத்தம். திரும்பப் போய்க் கேட்டதும் "கியர் பாக்ஸ் பேரிங் போயிடுச்சு" என்று வண்டியை 4 நாள் நிறுத்தி, 28,000 ரூபாய்க்கு பில் போட்டுவிட்டார்கள். பேரிங், சிங்க்ரோ ரிங், புது ஆயில் எல்லாம் பில்லில் இருக்கிறது. சத்தம் அப்படியேதான் இருந்தது. "ஓட ஓட சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். கியர் பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் தலைகளில் பழைய மண்ணும் கிரீஸும் காய்ந்து கிடந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வடித்த கியர் ஆயில் தார் போலக் கறுப்பு. கியர் பாக்ஸை இறக்கவே இல்லை.

கோளாறு, சீல் மாற்றிய அதே இடத்தில்தான். இந்த வண்டியின் பினியன் சாஃப்டில் இரண்டு டேப்பர் பேரிங்குக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று உண்டு. பினியன் நட்டை இறுக்கும்போது அது அளவோடு நசுங்கி பேரிங்குக்கு வேண்டிய பிடிப்பைத் தரும். சீல் மாற்றும்போது காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் ஏர் கன் வைத்து நட்டை ஏற்றினால் ஸ்பேசர் அளவுக்கு மேல் நசுங்கிவிடும். பேரிங் இறுகி, சூடேறி, உருளைகளின் மேல் புள்ளி புள்ளியாகப் பெயரும். நட்டைப் பின்னால் திருப்பினாலும் நசுங்கிய ஸ்பேசர் மீளாது, புதிதுதான் போட வேண்டும். நட்டைத் தளர்வாக விட்டாலும் ஆபத்துதான். பினியன் முன்பின் நகர்ந்து, அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் பல்லில் உரசும் இடம் மாறிவிடும். இரண்டுக்கும் முடிவு ஊளைதான்.

சரியாகச் செய்பவர் நட்டைக் கழற்றுவதற்கு முன்பே நட்டிலும் சாஃப்டிலும் குறி போடுவார், பினியன் சுற்ற எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று அளந்துவைப்பார். சீல் மாற்ற வண்டியை விடும் முன் இதை மட்டும் கேளுங்கள். விழித்தால் வேறு ஷெட் பாருங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே பெருமளவு கண்டுபிடிக்கலாம். நின்ற இடத்தில் ரேஸ் செய்யும்போதே சத்தம் ஏறினால் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், பெல்ட் டென்ஷனர் பேரிங், டர்போ என்று முன்பக்கமே பாருங்கள். நியூட்ரலில் ஐடிலில் வரும் சத்தம் கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிட்டால் கியர் பாக்ஸ் இன்புட் சாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

ஓடும்போது மட்டும் வந்தால், காலியான நேர்ச்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். ரேஸ் குறைந்தும் சத்தம் நீடித்தால் அது பெரும்பாலும் டிஃபரன்ஷியல், வீல் பேரிங், டயர் இவற்றில் ஒன்று. சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயர். ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஒடிக்கும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு விதமாகவும் காலை எடுக்கும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால் கிரவுன் பினியன்.

கியர் பாக்ஸ்தான் என்று ஷெட்டில் அடித்துச் சொன்னால் 4ஆம் கியரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 5 கியர் உள்ள பின்சக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றில் 4ஆம் கியர் நேரடி இணைப்பு. கியர் பாக்ஸின் உள்ளே இருக்கும் துணைத் தண்டான கவுண்டர் சாஃப்ட் வழியாக இழுவை போகாது. மற்ற கியர்களில் கத்தி, 4இல் அடங்கினால் கியர் பாக்ஸ். எல்லா கியரிலும் ஒரே வேகத்தில் ஒரே சத்தம் என்றால் அதைத் தொட வேண்டாம். இந்த வண்டியில் அப்படித்தான் இருந்தது. 10 நிமிடச் சோதனையில் 28,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்து காந்த பிளக்கைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு வழக்கமானது. செதிலோ ஊசித் துணுக்கோ வந்தால் பேரிங்கோ பல்லோ பெயர்கிறது. கிரவுனும் பினியனும் ஜோடியாக அரைத்துச் சேர்த்தவை. ஒன்றை மட்டும் மாற்றுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வண்டியை விடும்போதே போல்ட் தலைகளைப் போட்டோ எடுங்கள், பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும். ஏமாந்திருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. "லோடு வண்டி, வணிகப் பயன்பாடு" என்று எதிர்த்தரப்பு மறுக்கும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதியுங்கள்.

இப்போதே இந்த ஊளையோடு ஓட்டிக்கொண்டிருந்தால் லோடு ஏற்றாதீர்கள். இப்போதே பார்த்தால் பேரிங், ஸ்பேசர், சீலோடு வேலை முடியலாம். பினியன் பேரிங் பிடித்துக்கொண்டால் ஓட்டத்திலேயே பின்சக்கரம் லாக் ஆகும்.