எம்13 இழை வைரஸுக்கு மேசை யூவி (புற ஊதா) நிறமாலைமானி: வன்னியில் எதற்கு வாங்கலாம்?

190 தொடக்கம் 1100 நனோமீற்றர் வரை வாசிக்கும், 2 நனோமீற்றர் பட்டை அகலமுள்ள, மாதிரி ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் இரட்டைக்கதிர்க் கருவியைப் பற்றியது இந்த மதிப்பீடு. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ இழை வைரஸ் வேலை தொடங்குகிறவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம், செறிவும் தூய்மையும் பார்ப்பதற்கு. புரதத்தின் மடிப்பை இது காட்டாது.

எம்13 பற்றீரியாவைத் தொற்றும் இழை வடிவ வைரஸ் (பேஜ்). ஏறக்குறைய 900 நனோமீற்றர் நீளம், 6.5 நனோமீற்றர் தடிப்பு. உள்ளே 6407 நியூக்கிளியோரைட்டுள்ள ஒற்றையிழை டீ.என்.ஏ வளையம். அதைச் சுற்றி 50 அமினோவமிலம் கொண்ட பூச்சுப் புரதம், சுமார் 2700 பிரதிகள். நிறையில் டீ.என்.ஏ எட்டில் ஒரு பங்குதான். அதனால் 260 நனோமீற்றரில் கூரான உச்சி எழாது. 260 முதல் 280 வரை தட்டையான மேடும் 269இல் சிறு எழுச்சியும் வரும். உச்சி 260 பக்கம் சாய்ந்தால் பற்றீரியாவின் நியூக்கிளிக்கமிலம் கலந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். வைரஸைப் பிரித்தெடுக்கும் பொலியெதிலீன் கிளைக்கோல் வீழ்படிவை இன்னொரு முறை செய்வது நல்லது.

உறிஞ்சல் 269இல் 0.50, 320இல் 0.02 என்றால் வித்தியாசம் 0.48. அதை எம்13இன் உறிஞ்சல் குணகமான 3.84ஆல் வகுத்தால் மில்லிலீற்றருக்கு 0.125 மில்லிகிராம். துணிக்கை எண்ணிக்கை வேண்டுமென்றால் 0.48ஐ 6×10¹⁶ஆல் பெருக்கி 6407ஆல் வகுக்க வேண்டும்: மில்லிலீற்றருக்குச் சுமார் 4.5 இலட்சம் கோடி. மரபணு சேர்த்து நீட்டிய பேஜ் என்றால் அதன் நீளத்தைப் போடுங்கள். 320 வாசிப்பைக் கழிக்காமல் விடவே கூடாது. அங்கே டீ.என்.ஏயோ புரதமோ உறிஞ்சுவதில்லை. தெரிவது ஒளிச்சிதறல் மட்டும். அது பெருத்திருந்தால் வைரஸ் கட்டிபட்டிருக்கும், அல்லது கிளைக்கோல் மிச்சம் இருக்கும்.

மாரியில் இந்த 320தான் அதிகம் ஏமாற்றும். 4 பாகையில் இருந்த கரைசலை எடுத்த கையோடு கியூவெட்டில் (மாதிரி ஊற்றும் சிறு கலத்தில்) ஊற்றினால் வெளிச்சுவரில் பனி படிந்து வாசிப்பு ஏறிக்கொண்டே போகும். மூடிய குழாயை அறைவெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு ஊற்றி, வில்லைத் தாளால் துடைக்கவும். கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெண்படலம் விழும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான்.

கரண்ட் போய்வரும் இடத்தில் யூபிஎஸ் கட்டாயம். டியூற்றீரியம் விளக்கு பொதுவாக 1000 மணித்தியாலம் அளவுக்கே உழைக்கும். அணைந்து அணைந்து எரிந்தால் அதுவும் குறையும். பற்றீரியா வளர்ப்பை 600இல் பார்க்கும் நாளில் அந்த விளக்கை அணைத்துவிடுங்கள், தங்குதன் விளக்கே போதும். மற்ற நாட்களில் அரை மணி சூடேறவிட்டு டியூற்றீரியத்தின் 656.1 நனோமீற்றர் கோட்டில் அலைநீளத்தைச் சரிபாருங்கள்.

சிதறிய ஒளி 0.1 சதவீதம் உள்ள கருவி உண்மையான 2.0 உறிஞ்சலை 1.96 என்றுதான் காட்டும். ஆகவே 0.2 முதல் 1.0 வரை வரும்படி ஐதாக்கி அளக்கவும்.

பூச்சுப் புரதத்தின் அல்பா சுருளைப் பார்க்க 208, 222 நனோமீற்றர் பள்ளங்களைக் காட்டும் வட்ட இருநிறமானி வேண்டும். பிஎஃப்1 என்ற இன்னொரு இழை வைரஸில் மூலங்கள் (பேஸ்கள்) வெளிப்பக்கமும் பொஸ்பேற்று நடுவிலுமாக டீ.என்.ஏ திரும்பிக் கிடக்கிறது என்பது போன்ற கேள்விகளுக்கு ராமன் நிறமாலையும் எக்ஸ் கதிரும் தேவை. இருநிறமானி வேலைக்கு மாதிரியை வெளியே அனுப்புவதென்றால், உப்புக் கரைசலை அப்படியே அனுப்பாதீர்கள். குளோரைட்டு 200 நனோமீற்றருக்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும். 10 மில்லிமோலர் பொஸ்பேற்றுக்கு மாற்றியே கொடுங்கள்.

விலை கேட்கும்போது ஒரே சோடியான 2 குவாட்ஸ் கியூவெட்டையும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடியில் 269ஐ அளக்கவே முடியாது.