ராபிட்3 படிவம்: டாஸ்28 விட்டதைப் பிடிக்கிறதா?

முடக்குவாதத்தின் தீவிரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது டாஸ்28. 28 மூட்டுகளில் அமுக்கினால் வலிப்பவை, வீங்கியவை எத்தனை என்று எண்ணி, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் அளவையும், நோயாளி தன் நிலைக்கு 0 முதல் 100 வரை (கூடினால் மோசம்) இடும் மதிப்பெண்ணையும் சேர்ப்பார்கள். 2.6-க்குக் கீழே போனால் நோய் அடங்கிவிட்டது, 5.1-ஐத் தாண்டினால் கடும் தீவிரம்.

அந்த 28-இல் கணுக்காலும் கால்விரல்களும் கிடையாது. பாதம் வீங்கி நடக்கவே முடியாதவருக்கும், மற்ற மூட்டுகள் சரியாக இருந்து, இஎஸ்ஆர் 20, சொந்த மதிப்பெண் 30 என்றால் விடை 2.52. ஏட்டின்படி நோய் அடங்கிவிட்டது! எதிர்ப்பக்கமும் உண்டு. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை வலிக்கு 0.56 ஆலும் வீக்கத்துக்கு 0.28 ஆலும்தான் பெருக்குகிறார்கள். ஒரு மூட்டும் வீங்காமல் 16 மூட்டுகளில் வலி, அதே இஎஸ்ஆர், மதிப்பெண் 70 என்றால் 5.32 வந்துவிடும். உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு இப்படி நேரலாம். அழற்சி இல்லாத அந்த வலிக்கு முடக்குவாத மருந்தைக் கூட்டிப் பயனில்லை.

ராபிட்3 நோயாளியே நிரப்பும் கேள்விப் படிவம்; அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம். உடை உடுத்துவது, நிரம்பிய கோப்பையை வாய்வரை தூக்குவது, குழாயைத் திறந்து மூடுவது, குனிந்து துணி எடுப்பது என 10 வேலைகளைக் கடந்த ஒரு வாரத்தில் செய்ய முடிந்ததா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 (சிரமமே இல்லை) முதல் 3 (செய்யவே முடியவில்லை) வரை. கூட்டுத்தொகையை 3 ஆல் வகுக்க வேண்டும். இந்தப் படியை மறந்தால் மொத்தக் கணக்கும் ஊதிவிடும். அதோடு வலிக்கு 0 முதல் 10, பொது நிலைக்கு 0 முதல் 10. மொத்தம் 30-இல் 3 வரை நல்ல நிலை, 6 வரை லேசு, 12 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

காத்திருக்கும் நேரத்திலேயே எழுதி முடித்துவிடலாம். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நிரப்புவது நல்லது. பேசிய பிறகு பதில் மாறிவிடலாம். அன்று காலை வலியை மட்டும் நினைத்து எழுதக் கூடாது. பிறர் உதவியோடு உடுத்தியதைச் சிரமமே இல்லை என்று குறிப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

ராபிட்3-இன் குறையும் பெரிதுதான். பல வருட அழற்சியில் சிதைந்த மூட்டு, இன்று அழற்சியே இல்லாவிட்டாலும் எண்ணைக் கூட்டும். முழங்கால் தேய்மானமும் அப்படியே. ராபிட்3 இடம்பெறும் முழுப் படிவத்தில் தூக்கம், பதற்றம், மனச்சோர்வு பற்றிய கேள்விகள் இருந்தும் மதிப்பெண்ணில் அவை சேராது. வாழ்க்கையை அதிகம் குலைப்பது பலருக்கு அவைதான் என்பதால், அந்தப் பதில்களைத் தனியே படித்தே ஆக வேண்டும்.

டாஸ்28-ஐக் கைவிடச் சொல்லவில்லை. மருந்தை மாற்ற அது வேண்டும். ஆனால் டாஸ்28 2.6-க்குக் கீழேயும் ராபிட்3 12-க்கு மேலேயும் இருந்தால், முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தை அமுக்கிப் பாருங்கள்.