பேட்மேன்: மூன்று காமிக்ஸ், மூன்று அனிமேஷன் படங்கள்

பேட்மேன் காமிக்ஸை எங்கே தொடங்குவது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் காதில் விழும். 1986-ல் வந்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’, 1987-ல் வந்த ‘இயர் ஒன்’, 1988-ல் வந்த ‘தி கில்லிங் ஜோக்’. மூன்றையும் வார்னர் நிறுவனம் 2011-க்கும் 2016-க்கும் இடையில் அனிமேஷன் படங்களாக எடுத்துவிட்டது. மூன்றுக்கும் மூலக்கதை முதல் தரம். ஆனாலும் படங்களில் ஒன்று அருமை, ஒன்று சுமார், ஒன்று பாதிதான் தேறும். கதைகளின் முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது. ஒன்றையும் படிக்காதவர்கள் ‘இயர் ஒன்’ காமிக்ஸை முடித்துவிட்டு வருவது நல்லது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ‘இயர் ஒன்’ நான்கு இதழ், சுமார் நூறு பக்கம். படம் 64 நிமிடம். ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ நான்கு தடித்த இதழ், ஏறத்தாழ 200 பக்கம். படம் இரண்டு பாகம், பாகத்துக்கு 76 நிமிடம். ‘கில்லிங் ஜோக்’ வெறும் 46 பக்கம்; படமோ அதுவும் 76 நிமிடம். இருநூறு பக்கத்தில் பாதிக்கு ஒதுக்கிய நேரத்தை 46 பக்கத்துக்கு ஒதுக்கினால் மிச்ச நேரத்தை எதையாவது போட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். மூன்றாவது படத்தின் கோளாறு டிவிடி பெட்டியைப் பார்க்கும்போதே தெரிந்துவிடுகிறது.

ஆனால் நீளம் மட்டும் காரணமல்ல. இந்த மூன்று காமிக்ஸ்களில் முதல் இரண்டின் உயிர் கட்டங்களின் ஓரத்தில் இருக்கும் எண்ணப் பெட்டிகளில் இருக்கிறது. பாத்திரம் மனசுக்குள் பேசிக்கொள்வதைத் துண்டு துண்டாகச் சதுரப் பெட்டிகளில் எழுதும் முறை அது. ஃபிராங்க் மில்லர் இதில் கெட்டிக்காரர். கட்டத்துக்குள் பேட்மேன் ஒரு ரவுடியை நெருங்கிக்கொண்டிருப்பார். பெட்டியில், இந்த நிலையிலிருந்து ஏழு வழியில் தடுக்கலாம், மூன்றில் ஆயுதம் கைமாறும், மூன்றில் ஆள் காலி, மிச்சம் ஒன்று வலிக்கும் என்று கணக்கு ஓடும். படம் ஒரு நொடியைக் காட்ட, எழுத்து அந்த நொடியை இழுத்து நிறுத்துகிறது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் படிப்பவர் முடிவு செய்கிறார். திரையில் இந்தச் சலுகை கிடையாது. குரல் ஓடும் நேரம்தான் காட்சி ஓடும் நேரம்.

‘இயர் ஒன்’ படம் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. மில்லர் எழுதி டேவிட் மாட்சுக்கெல்லி வரைந்த இந்தக் கதைக்கு இரண்டு மனக்குரல்கள். பன்னிரண்டு வருடம் வெளியே இருந்துவிட்டு 25 வயதில் கோதம் நகருக்குத் திரும்பும், பேட்மேனாகப் போகும் புரூஸ் வெய்ன் ஒருவர்; அதே ஜனவரி 4-ம் தேதி ரயிலில் வந்து இறங்கும் லெப்டினென்ட் ஜிம் கார்டன் இன்னொருவர். எழுத்துகளை வரைந்த டாட் க்ளைன் இருவருக்கும் தனித்தனிக் கையெழுத்து கொடுத்திருக்கிறார். புரூஸுடையது நாட்குறிப்பு போலச் சேர்த்தெழுதிய கோடு. கார்டனுடையது வேறு கை. யார் பேசுகிறார் என்று பெயரைத் தேட வேண்டியதே இல்லை, கண் பட்டதும் தெரிந்துவிடும்.

சாம் லியூவும் லாரன் மான்ட்கோமரியும் இயக்கிய படம் காட்சிக்குக் காட்சி காமிக்ஸையே பின்பற்றுகிறது. மனக்குரலையும் அப்படியே வாசிக்க வைத்திருக்கிறார்கள். கார்டனுக்குக் குரல் கொடுத்தவர் பிரையன் க்ரான்ஸ்டன். அவர் பகுதி முழுவதும் பொருந்துகிறது. களைத்துப்போன, தன்மேலேயே வெறுப்பு கொண்ட ஒரு போலீஸ்காரர் மூச்சுவிட்டுப் பேசுவதுபோல ஒலிக்கிறது. புரூஸாக வரும் பென் மெக்கென்ஸி வரிகளை ஒரே சுருதியில் ஒப்பிக்கிறார். (இவரே பிறகு 2014-ல் தொடங்கிய ‘கோதம்’ தொலைக்காட்சித் தொடரில் கார்டனாக நடித்தார், அந்த வேடம் அவருக்கு நன்றாகவே அமைந்தது.) முதல் இரவு அடிபட்டு, ரத்தம் வழிய நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெடை மணியடித்துக் கூப்பிடுவதா, இப்படியே செத்துவிடுவதா என்று அப்பாவின் சிலையிடம் கேட்கும் கட்டம் இருக்கிறதே, காமிக்ஸில் அதன் பலமே அசையாமைதான். திரையில் அசையாத ஓவியத்தின்மேல் அசையாத குரல் ஓடும்போது காட்சி உறைந்துபோகிறது. வௌவால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வரும்போது கிடைக்க வேண்டிய அதிர்ச்சியில் பாதிதான் வருகிறது.

இதில் ஒரு வருத்தம் உண்டு. மூன்று ஓவியர்களில் அனிமேஷனுக்கு மிகப் பொருத்தமான கோடு மாட்சுக்கெல்லியுடையது. தூரிகையால் போட்ட குறைந்த கோடுகள், தட்டையான நிழல்கள். கைவிடப்பட்ட கட்டடத்தில் போலீஸ் படை பேட்மேனைச் சுற்றி வளைக்க, அவர் காலணியில் இருக்கும் கருவியால் வௌவால் கூட்டத்தை வரவழைத்துத் தப்பிக்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே மனக்குரல் குறைந்து உடல்கள் பேசுகின்றன. படம் திடீரென்று எழுந்து நிற்கிறது. துணிந்து பாதி வசனத்தைத் தூக்கியிருந்தால் முழுப்படமும் இப்படி இருந்திருக்கும்.

அந்தத் துணிச்சல் ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ குழுவுக்கு இருந்தது. இயக்குநர் ஜே ஒலிவா, திரைக்கதை பாப் குட்மேன். முதல் பாகம் செப்டம்பர் 2012, இரண்டாம் பாகம் ஜனவரி 2013. எண்ணப் பெட்டிகளே நிரம்பிய காமிக்ஸ் இது; மில்லரின் பென்சிலுக்கு க்ளாஸ் ஜான்சன் மை தீட்ட, லின் வார்லி வண்ணம் சேர்த்தார். ஆளுக்கொரு நிறப் பெட்டி என்று மனக்குரல்கள் மாறி மாறி ஓடும். படத்தில் அவ்வளவையும் நீக்கிவிட்டார்கள். 55 வயது புரூஸ், பத்து வருட ஓய்வு, உள்ளே முட்டும் வெறி எல்லாவற்றையும் பீட்டர் வெல்லரின் கரகரத்த குரலும் உடலின் கனமும் சொல்லியாக வேண்டும். சொல்கின்றன.

இழப்பு இல்லாமல் இல்லை. திரும்பி வந்த முதல் இரவில், வலியில் துடிக்க வேண்டிய உடம்பு முப்பது வயதுபோல, இருபதுபோல ஆகிவிட்டதென்றும், நெஞ்சில் விழும் மழை ஞானஸ்நானம் என்றும் அவர் நினைப்பது காமிக்ஸின் மிகச்சிறந்த இடங்களில் ஒன்று. படத்தில் அது கிடையாது, மழை மட்டும் பெய்கிறது. அதேபோல, பக்கத்துக்குப் பதினாறு கட்டம் என்று மில்லர் பொடிப்பொடியாக நறுக்கும் தாளத்தில் ஒரு மூச்சுமுட்டல் இருக்கும். தாயின் முத்துமாலை துப்பாக்கியில் சிக்கி அறுபடுவதை அவர் கட்டம் கட்டமாக இழுப்பதைத் திரையில் மெதுவாக ஓடவிட்டால் வேறு ஏதோ பழகிய காட்சிபோல ஆகிவிடுகிறது. தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர்களும் தெருவில் கருத்துச் சொல்பவர்களும் காமிக்ஸில் ஒரு கூத்தின் பின்பாட்டுக்காரர்கள்போல விடாமல் இருப்பார்கள். படத்தில் காட்சிகளை இணைக்கும் பாலமாகச் சுருங்கிவிட்டார்கள்.

கிடைத்தது அதைவிடப் பெரிது. சேற்றுக்குழியில் ‘மியூட்டன்ட்’ என்ற ரவுடிக் கும்பலின் தலைவனுடன் நடக்கும் இரண்டாவது சண்டையில் வயதான மனிதர் இளைஞனை எப்படி வெல்கிறார் என்பதற்கான விளக்கம் அசைவிலேயே இருக்கிறது. முதல் சண்டையில் அவனுடைய வேகத்தோடு போட்டிபோட்டுத் தோற்றார். இந்த முறை சேற்றுக்குள் இறக்கி அவனுடைய வேகத்தைப் பறிக்கிறார், பிறகு மூட்டு மூட்டாக உடைக்கிறார். ஒவ்வொரு அடியின் எடையும் தெரிகிறது. இதே சண்டையை 1998-லேயே பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க் நைட்’ எபிசோடில் சின்ன அளவில் செய்து பார்த்திருந்தார்கள். அங்கே பேட்மேன் குரல் மைக்கேல் அயர்ன்சைட். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் குழந்தைகள் தொடருக்கான கட்டுப்பாடு நீங்கியதும் என்ன மாறியது என்பது விளங்கும்.

சூப்பர்மேனுடன் நடக்கும் இறுதிச் சண்டை காமிக்ஸில் சில பக்கங்களில் முடிகிறது. ஒலிவா அதை விரித்திருக்கிறார், விரித்ததற்குக் காரணமும் இருக்கிறது. கவசம், ஏவுகணைகள், தெருவின் மின்சாரம், கடைசியாக வில்லாளி ஆலிவர் க்வீன் எய்யும், சூப்பர்மேனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் அம்பு என்று ஒவ்வொரு ஆயுதமும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது படிப்படியாகத் தெரிகிறது. கழுத்தைப் பிடித்தபடி ‘உன்னைத் தோற்கடித்த ஒரே மனிதனை நினைவில் வை’ என்ற பொருளில் வரும் வரிகளை மட்டும் வெட்டாமல் நேருக்கு நேர் பேச வைத்திருக்கிறார்கள். மௌனமான ஒரு படத்தில் பேசப்படும் அந்தச் சில வரிகளுக்கு இவ்வளவு வலு வந்ததே, மற்ற எல்லாவற்றையும் வெட்டியதால்தான்.

இன்னொரு நல்ல மாற்றம்: காமிக்ஸில் முதல் இதழிலேயே, ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் வருடக்கணக்காக உணர்வற்று உட்கார்ந்திருக்கும் ஜோக்கர் டிவியில் பேட்மேன் பெயரைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்குகிறார். படம் அதை முதல் பாகத்தின் கடைசிக் காட்சியாக நகர்த்திவிட்டது. மைக்கேல் எமர்சனின் மென்மையான குரலில் ‘டார்லிங்’ என்ற சொல் விழுந்ததும் திரை அணைகிறது. இதனால்தான் பாகங்களை ஒட்டிய 148 நிமிடப் பதிப்பைவிடத் தனித்தனிப் பாகங்களாக, ஒரு நாள் இடைவெளி விட்டுப் பார்ப்பது மேல். ஒட்டிய பதிப்பில் அந்த நிறுத்தம் கரைந்துவிடுகிறது.

‘கில்லிங் ஜோக்’ ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்தது. இதில் எண்ணப் பெட்டியே கிடையாது. வேலையை எல்லாம் பக்க அமைப்பு செய்கிறது: பெரும்பாலும் ஒன்பது கட்டம், ஒரு கட்டத்தில் நீட்டிய கை அடுத்த கட்டத்தில் பழைய காலத்தில் அதே நிலையில் நீண்டிருக்கும். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் மழைத்துளி விழும் தண்ணீர். எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து நிற்கும் வட்டம்.

சாம் லியூ இயக்கி பிரையன் அசரெல்லோ எழுதிய 2016 படம், அந்த வட்டத்துக்கு முன்னால் ஏறத்தாழ அரை மணி நேரப் புதுக்கதை ஒன்றை ஒட்டியிருக்கிறது. கார்டனின் மகள் பார்பரா, பேட்கேர்ளாக, பாரிஸ் ஃபிரான்ஸ் என்ற ரவுடியைத் துரத்துகிறாள், பேட்மேனுடன் மோதுகிறாள், மொட்டைமாடியில் உறவுகொள்கிறாள், பிறகு வேலையை விடுகிறாள். நோக்கம் புரிகிறது. காமிக்ஸில் பார்பரா கதவைத் திறந்ததும் சுடப்படுகிறாள், அவளுக்கென்று ஒரு கதை இல்லை என்ற நியாயமான குறையைத் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கொடுத்த கதையும் பேட்மேனைப் பற்றிய அவளுடைய ஏக்கமாகவே இருப்பதால் குறை இரட்டிப்பாகிறது. ஜோக்கரோ இந்த அரை மணி நேரத்தில் எங்கும் இல்லை; பின்பகுதியோடு இதற்கு ஒரு முடிச்சும் இல்லை. பார்பராவுக்கு உண்மையாகவே நியாயம் செய்தது 1989-ல் ‘சூசைட் ஸ்குவாட்’ இதழில் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரண்டரும் உருவாக்கிய, சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினி வழியாகத் துப்புக் கொடுத்து உதவும் ஆரக்கிள் வடிவம்தான். படம் அதை எண்ட் கிரெடிட்டுக்கு நடுவே ஒரு சிறு காட்சியாகக் காட்டுகிறது. அந்த ஒரு காட்சி, முன்னால் ஒட்டிய அரை மணி நேரத்தைவிட உயர்ந்தது.

பின்பகுதி காமிக்ஸுக்கு உண்மையாக இருக்கிறது, குரல்களும் தங்கம்: கெவின் கான்ராய், மார்க் ஹாமில், டாரா ஸ்ட்ராங். ஹாமில் ஜோக்கரின் பாட்டையும் பாடியிருக்கிறார். இடிப்பது ஓவியம். போலண்டின் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். அனிமேஷனில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று பிரேம்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு எட்டு, பன்னிரண்டு முறை அந்த முகத்தை மறுபடி வரைய வேண்டும். அத்தனை கோட்டையும் யாரும் சுமக்க முடியாது, உதறத்தான் வேண்டும். ரசாயனக் குளத்திலிருந்து எழுந்து தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அந்தப் புகழ்பெற்ற முகம் படத்தில் மொழுமொழுவென்று வருகிறது. பார்ப்பதானால் பார்பரா பேட்கேர்ள் வேலையை விடும் காட்சி முடிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். மிச்சம் முக்கால் மணி நேரம்தான். கதை முழுமையாகவே கிடைக்கும். முதல் இரண்டைப் போல இது சிறுவர்களோடு பார்க்கக்கூடியதா என்ற கேள்விக்கே இடமில்லை, அமெரிக்காவில் பெரியவர்களுக்கான ‘ஆர்’ தரச்சான்று பெற்ற படம். ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ஸிலும் ஜோக்கர் வரும் பகுதிகளில் ரத்தம் அதிகம்.

வரிசை என்று பார்த்தால் ‘இயர் ஒன்’ காமிக்ஸ் முதலில்; ஆங்கிலமும் எளிது. ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ஸுக்குப் படத்தை முதலில் பார்ப்பதில் தவறே இல்லை. மியூட்டன்ட் பையன்களின் கொச்சைமொழியும் டிவி கட்டங்களின் பொடி எழுத்தும் புதியவர்களை இருபதாவது பக்கத்திலேயே மிரட்டிவிடும். கதை தெரிந்துகொண்டு போனால் எண்ணப் பெட்டிகளை நிதானமாக ருசிக்கலாம். ‘கில்லிங் ஜோக்’ கண்டிப்பாகக் காமிக்ஸ்தான் முதலில். கைப்பேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒன்பது கட்டமும் பதினாறு கட்டமும் ஒரே பார்வையில் தெரிந்தால்தான் பக்கம் வேலை செய்யும், டேப்லெட்டாவது வேண்டும்.

வாங்கும்போது வண்ணத்தைக் கவனியுங்கள். ‘இயர் ஒன்’னுக்குத் தொகுப்புக்காக ரிச்மண்ட் லூயிஸ் மறுபடி சேர்த்த மங்கிய வண்ணம்தான் அழகு, 2012-ல் வந்த பதிப்பைப் பற்றி மாட்சுக்கெல்லியே வெளிப்படையாக அதிருப்தி சொன்னார், அந்த வருட அச்சைத் தவிர்க்கலாம். ‘கில்லிங் ஜோக்’கில் 1988-ல் ஜான் ஹிக்கின்ஸ் போட்ட ஊதாவும் மஞ்சளும் ஆரஞ்சும் ஒரு காய்ச்சல் கனவுபோல இருக்கும். 2008 பதிப்பில் போலண்ட் தானே எல்லாவற்றையும் மாற்றி, பழைய நினைவுகளைக் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை மட்டும் சிவப்பாக விட்டார். கதையின் குளிர் இதில் கூடுதல், பைத்தியம் அதில் கூடுதல். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது போலண்ட் பதிப்புதான். பழைய இதழ் எங்காவது கண்ணில் பட்டால், பூங்காவில் கார்டனை ரயிலில் ஏற்றும் பக்கங்களை மட்டுமாவது புரட்டிப் பாருங்கள், அங்கேதான் ஹிக்கின்ஸின் வண்ணம் உச்சத்துக்குப் போகிறது.